செங்கழுநீர்வல்லியின் கடைசிப் பாட்டு

மேலக்கரை
15-2-1972

அன்புள்ள மகன் ரெத்தினத்துக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் கன்று ஈன்ற செவலையும் சுகம். கரக்பூரில் நீயும் மருமகளும் பேத்தியும் சுகம் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். தீபாவளிக்கு ஒரு கார்டு போட்டாய், அதோடு சரி, நான் மறக்கவில்லை. தாளடி அறுப்புக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. கூலித் தகராறு தீரவில்லை, வெளியூர் ஆளை இறக்குவோம் என்று பண்ணையில் சொல்கிறார்கள், இறக்கிப் பாருங்கள் என்று நம் தெருவில் சொல்கிறார்கள், போலீஸ் வண்டி தினம் ஒரு தரம் வந்து போகிறது. நீ பயப்படாதே, வண்டி வருகிறது, போகிறது, அவ்வளவுதான். நான் எழுத வந்தது வேறு சங்கதி. தை மாதம் நம் தெருவில் செங்கழுநீர்வல்லி நாடகம் போட்டார்கள்.

முதல் தரம் அது வந்தபோது உனக்கு ஐந்து வயது, நினைவிருக்காது. நாகப்பட்டினத்து நாடகக் கம்பெனி பண்ணைக் களத்தில் மூன்று நாள் ஆடியது. நம் ஆட்கள் களத்துக்குள் வரக்கூடாது, வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் வேலிக்குப் பின்னால் உட்கார்ந்து காதால் கேட்டுக்கொள்ளலாம். முகம் தெரியாது, உடுப்பு தெரியாது. ஆனால் நாங்கள் கேட்ட மாதிரி நாற்காலியில் இருந்தவன் எவனும் கேட்டிருக்க மாட்டான். அந்த வல்லியின் குரல் இருக்கிறதே, அழும்போதுகூட சுருதி கலையாது. அதற்குப் பிறகு இருபது வருஷம் நடவுக்கு இறங்கினால் எங்களுக்கு அந்தப் பாட்டுகள்தான். மூன்றாம் நாள் கடைசிப் பாட்டு தொடங்கும் சமயம் உன் அப்பா, அந்த மகராசி முகத்த ஒரு தரம் பாத்துட்டு வந்துடுறேன் என்று வாய்க்காலைத் தாண்டிப் போனார். மேடைக்குப் பக்கத்தில் பண்ணைக் காரியக்காரர் பிடித்துக்கொண்டார். பந்தக்காலில் கட்டிவைத்துப் புளியம் விளாறால் அடித்தார். முதுகில் உள்ள தழும்பு மாடு முட்டியது என்று உன்னிடம் சொன்னேனே, அது பொய். மேடையில் இருந்தவள் அதைப் பார்த்தாள் என்று உன் அப்பா சொன்னார், பார்த்துக்கொண்டே ஒரு எழுத்து விடாமல் பாடி முடித்தாள். அடி விழுகிற சத்தம் வேலி தாண்டி வர வர அந்தப் பாட்டு வரி வரியாக எனக்குள் இறங்கிவிட்டது. அடிபட்டவருக்கோ முதல் இரண்டு வரிக்கு மேல் ஒன்றும் காதில் ஏறவில்லை. மீதியைப் பாடு, மீதியைப் பாடு என்று இருபது வருஷமாக என்னைக் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெண்பிள்ளை மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

போன ஐப்பசியில் பள்ளிக்கூடக் கூரைக்குப் பணம் சேர்க்க அந்த நாடகத்தையே போடலாம் என்று நம் தெருப் பையன்கள் கிளம்பினார்கள். கம்பெனியில் ஆர்மோனியம் வாசித்த நெய்னா முகம்மது பாயைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தார்கள். பாட்டு நோட்டு, நாடகம் நடந்ததற்கு மறு வருஷப் பெரும்புயலில் நைந்து போய்விட்டதாம். மெட்டு கையில் இருக்குது, வார்த்தைதான் போச்சு, உங்க பொம்பளைங்ககிட்டதான் இருக்குன்னு கேள்விப்பட்டேன் என்றார் பாய். காளியம்மாள் வாசலில் கோரைப்பாய் விரித்து எங்களை உட்காரவைத்துப் பாடச் சொன்னார்கள். ஒருத்திக்கும் ஒரு வரி வரவில்லை. விட்டத்தைப் பார்க்கிறோம், தலையைச் சொறிகிறோம். மறுநாள் நடவுக்கு இறங்கிக் குனிந்து நாற்றை ஊன்றினோமோ இல்லையோ, மடை திறந்த மாதிரி வந்தது. அப்புறம் என்ன, பாய் வரப்பில் குடை பிடித்து உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். காளியம்மாள், பாய், நாத்து முடிஞ்சா பாட்டும் முடிஞ்சுரும், வெரசா எழுதுங்க என்கிறாள். தன் மகள் கல்யாணத்தில் எனக்கு வெற்றிலை வைக்க மறந்தவள்தான், இருந்தாலும் குரல் குரல்தான், இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். கிளியைத் தூதுவிடும் பாட்டு வந்ததும், இதக் கேட்டப்பதான் என் மூத்தவ வயித்துல புரண்டா என்று ரெங்கம்மாள் நட்ட கையோடு அழுதாள். நான்கு நாள் நடவில் நாடகம் முழுதும் வந்துவிட்டது, கடைசிப் பாட்டு தவிர; அன்றைக்கு அடிச் சத்தத்தில் அது மற்றவர்கள் மனசில் நிற்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். உன் அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

வல்லியா ஆடினவங்களையே கூட்டிட்டு வர்றேன், அவங்க கேட்டா கொடுப்பீங்கல்ல என்று பாய் போனார். வரட்டும் அவள் என்று இருபது வருஷத்துப் பேச்சையும் நாக்கில் வைத்துக் காத்திருந்தேன். வந்தது யார் என்று நினைக்கிறாய்? நரைத்த தலை, வேட்டி, கக்கத்தில் குடை, அறுபது வயது ஆண்பிள்ளை. பெயர் பஞ்சநதமாம். அவ எங்க என்று கேட்டேன். நான்தாம்மா அவ என்றார். தெருவே கொல்லென்று சிரித்தது. அடப் பாவி மனுசா, ஒரு ஆம்பளையப் பாக்கவா நான் அம்புட்டு அடி வாங்குனேன் என்று சிரித்துச் சிரித்து உன் அப்பாவுக்கு இருமலே வந்துவிட்டது. நான் சிரிக்கவில்லை. பாத்தீங்கல்ல, ஏன் நிறுத்தல என்று கேட்டேன். பாத்தேம்மா, பண்ணையாரு முன்னால உக்காந்திருந்தாரு, பயந்துட்டேன், வேற சொல்றதுக்கு எங்கிட்ட ஒண்ணுமில்ல என்றார். சாக்குப் போக்குச் சொல்லியிருந்தால் விரட்டியிருப்பேன். சொல்லாததால் உட்காரச் சொன்னேன். பாட்டைத் தருகிறேன், ஆனால் மூன்றாம் வரியில் முதல் அடி விழுந்தது, அந்த இடத்தில் நீங்கள் நிறுத்த வேண்டும், அன்றைக்கு நிறுத்தாததை இன்றைக்கு நிறுத்த வேண்டும் என்றேன். சரி என்று தலையாட்டினார். உன் அப்பாவைக் கடைக்கு அனுப்பிவிட்டுப் பாடிக் காட்டினேன், கேட்டால் மேடையில் கேட்கட்டும் என்று.

தகராறு நேரம் என்று ஆறு மணிக்குள் முடிக்கச் சொல்லிவிட்டது போலீஸ். அதனால் உச்சி வெயிலில் நாடகம். எந்தக் கொடி கட்டுவது என்று சிவப்புக்காரர்களுக்கும் ஆளுங்கட்சிக்காரர்களுக்கும் சண்டை, கடைசியில் மாவிலை மட்டும் கட்டினோம். பாபநாசத்திலிருந்தெல்லாம் கூட்டம். வேலி கிடையாது, யார் வேண்டுமானாலும் முன்னால் உட்காரலாம், உன் அப்பா காலையிலேயே துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டார். அரிதாரம் வேர்வையில் வழிகிறது, மேல் சுருதி முன்போல் எட்டவில்லை, அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? சேலையைக் கட்டிக்கொண்டு பஞ்சநதம் ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான், அந்தக் குடைக்காரர் போய்விட்டார், வல்லி வந்து நின்றாள். இந்த முகத்துக்காக அடி வாங்கலாம்தான் என்று எனக்கே தோன்றியது, கண்ணே, பொய் சொல்லவில்லை.

கடைசிப் பாட்டு. காட்டுக்குப் போகிறவள் ஆற்றிடம் விடைபெறுகிறாள். மூன்றாம் வரி வந்ததும் சொன்னபடி நிறுத்தினார். பாயும் கையை எடுத்துவிட்டார். மறந்துவிட்டார் என்று நினைத்துக் கூட்டம் முணுமுணுத்தது. அன்றைக்கு விழுந்தது பதினோரு அடி, அத்தனையையும் நான் மனசுக்குள் எண்ணத் தொடங்கினேன், நான்குக்குமேல் போகவில்லை, உன் அப்பா எழுந்துவிட்டார். ஏன்யா நிறுத்துற, அன்னைக்குத்தான் மீதியக் கேக்க விடல, இன்னைக்குமா, பாடுய்யா என்று கத்தினார். பஞ்சநதம் என்னைப் பார்த்தார். உன் அப்பாவும் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். பாட்டு முடியும்வரை அவர் உட்காரவே இல்லை, பின்னால் இருந்தவர்கள் மறைக்கிறது என்று கத்தினார்கள், அவர் காதில் அந்தப் பாட்டைத் தவிர எதுவும் விழவில்லை.

பஞ்சநதத்தை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. போகும்போது ஒரு படி அவல் கட்டிக் கொடுத்தேன், அது பாடியதற்கு. பேத்திக்குக் குளிர் தாங்காது, காதை மூடிவிடு. மருமகளை வெயிலுக்குமுன் தண்ணீர் தூக்கி வைக்கச் சொல். இந்தக் கடிதம் கிடைத்ததும் பதில் போடு, அப்பாவுக்குத் தனியாக இரண்டு வரி எழுது, தழும்பைப் பற்றிக் கேட்காதே, பாட்டைப் பற்றிக் கேள். கோயில் மாரி உங்கள் மூவரையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன் அம்மா
வேம்பு