கழுவி வந்த பெட்டி

புல்மோட்டை
05.08.2025

அன்பு மகள் சுஹைராவுக்கு உம்மாவின் ஸலாம்.

அலியார் காக்காவின் பஸ்ஸில் சாப்பாட்டுப் பெட்டி வருகிறது. மீன் பொரியலும் கத்தரிக்காய்ப் பாற்கறியும் வைத்திருக்கிறேன். தனியே இருந்து சாப்பிட எனக்கு மனமில்லை. ஆனால் போன கிழமையும் நீ பெட்டியைக் கழுவித் துடைத்து அனுப்பியதைப் பார்த்ததும் என் வயிறு நிறைந்துவிட்டது. திங்களும் வியாழனும் நீ நோன்பு பிடிப்பதை ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன். போனில் கேட்டால் "ஓம், ஓம்" என்று வைத்துவிடுகிறாய். பெட்டிக்குள் ஒரு துண்டுக் கடிதமாவது வை, வாயாடி.

உன் உம்மா

திருகோணமலை
07.08.2025

அன்பின் உம்மாவுக்கு வஅலைக்கும் ஸலாம்.

இங்கே ஜன்னலைத் திறந்தால் துறைமுகம். கதைக்க அறைத்தோழி றிஷானா மட்டும்தான். இந்தக் கிழமை கம்பஸில் எல்லோருக்கும் ஒரு படிவம் தந்தார்கள். சாப்பாட்டுக்குப் பயப்படுகிறீர்களா, சாப்பிடாததை மறைக்கிறீர்களா என்றெல்லாம் கேள்விகள். எல்லாவற்றுக்கும் "நோன்பு" என்று எழுதிக் கொடுத்தேன். அதைப் பார்த்த கம்பஸ் டொக்டர் என் எடையை நிறுத்துப் பார்த்துவிட்டு, வருகிற செவ்வாய்க்கிழமை வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். வருவீர்களா?

சுஹைரா

புல்மோட்டை
12.08.2025

என் மகளுக்கு,

எனக்குக் கோபம் வந்தது. உன்னோடு அல்ல, அந்த டொக்டரோடு. நோன்பு பிடிக்கிற பிள்ளைக்கு ஏதோ நோய் வருத்தமாம்! கலியாணம் ஆகாத குமருப்பிள்ளையைப் பற்றி ஒரு கதை கிளம்பினால் யார் அடக்குவது? நான் வர ஏலாது. பெட்டியில் ஒரு பருக்கைகூட மிஞ்சுவதில்லை என்று உம்மா சொன்னதாக அவரிடம் சொல்லு. வேறென்ன சாட்சி வேண்டும்? இன்றைக்கு உனக்குப் பிடித்த இறால்.

உம்மா

திருகோணமலை
13.08.2025

உம்மா,

நேற்றுக் காலை பஸ்ஸில் உங்கள் கடிதம் வந்தது. நீங்கள் சொன்னபடியே டொக்டரிடம் பெட்டியைப் பற்றிச் சொன்னேன். "கழுவினது நீங்கள். சாப்பிட்டது ஆர்?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மூன்று மாதமாகச் சாப்பிட்டவள் றிஷானா. நோன்பு என்று சொன்னதும் பொய். சோற்றைக் கண்டால் பயமாக இருக்கிறது உம்மா. ஏனென்று எனக்கே தெரியவில்லை. நோன்பு என்று சொன்னால் யாரும் மேலே கேட்கமாட்டார்கள். நீங்களும் சந்தோசப்பட்டீர்கள்.

அறைக்கு வந்து றிஷானாவைத் தொடவிடாமல் நானே பெட்டியைத் திறந்தேன். மூன்று கவளம், ஒரு இறால். அதற்கு மேல் ஏலவில்லை. மிச்சம் அப்படியே இருக்கிறது. பெட்டியைக் கழுவாமல் அனுப்புகிறேன். மணக்கும். மூக்கைப் பொத்திக்கொண்டாவது திறந்து பாருங்கள்.

திங்கட்கிழமை பத்து மணிக்குத் திரும்பவும் போக வேண்டும். அன்றைக்கு அலியார் காக்காவின் பஸ்ஸில் பெட்டி வேண்டாம் உம்மா. நீங்கள் வாங்கோ.

சுஹைரா