நீ சேர்த்த அந்த ஒரு வரி

இன்று காலை பெரியநாயக்கன்பாளையத்து மருந்துக் கடையில் பில் மெஷினில் பேப்பர் தீர்ந்துவிட்டது. கடைக்காரர் புது உருளையை மாட்டிப் பில் அடித்தார். சூடான தாளின் வாசம் வந்ததும் உன் ஞாபகம் வந்தது. நீ போய் இரண்டு மாதம் ஆகிறது.

பம்ப்செட் சோதிக்கும் அந்தக் கம்பெனியில் நாம் ஒரே வாரத்தில் சேர்ந்தோம். நீ கொண்டுவரும் அரிசிம்பருப்புச் சாதத்தில் பாதி எனக்கு. சோதனை மேடைக்கான புரோகிராமை நான் எழுதினேன். அழுத்தமானி, கீபோர்டு, பிரிண்டர், நிறுத்தும் பொத்தான் என்று நான்கு இடத்திலிருந்து அதற்குச் செய்தி வரும். ஒன்றின் முன்னால் போய் நின்றுவிட்டால் மற்ற மூன்றும் காதில் விழாது. அதனால் நான்கையும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் கொடுத்து, எதில் அசைவு வந்தாலும் எழுப்பு என்று சொல்லிவிட்டு புரோகிராம் தூங்கும். உனக்கு அதைப் படம் போட்டுக் காட்டினேன். “அடுப்புல பாலு, தொட்டில்ல கொளந்த, வாசல்ல கேஸ்காரரு. அத்தனைக்கும் ஒரே காது, அப்படித்தான புள்ள?” என்றாய். அதைவிடத் தெளிவாக எனக்கே சொல்லத் தெரியாது.

சில சோதனைகளுக்கு ரிப்போர்ட் அச்சாகாமல் விட்டுப்போனது. “அத நானே சரிபண்ணிப்போடறேன்” என்றாய். நான் சோதனை மேடைக்குப் போயிருந்தபோது என் இருக்கையில் உட்கார்ந்து புரோகிராமில் ஒரு வரி சேர்த்தாய்: பிரிண்டர் பதில் சொல்லும்வரை நில். என் பாஸ்வேர்டு உனக்குத் தெரியும். நான்தான் கொடுத்திருந்தேன்.

மூன்றாம் நாள் பிரிண்டரில் பேப்பர் தீர்ந்தது. புரோகிராம் அதன் முன்னாலேயே நின்றுவிட்டது. அழுத்தம் ஏறுவதைப் பார்த்து, மேடையை ஓட்டும் ஆபரேட்டர் அண்ணன் நிறுத்தும் பொத்தானை அழுத்தினார். திரும்பத் திரும்ப அழுத்தினார். கேட்க ஆளில்லை. குழாய் பிய்த்துக்கொண்டு அவர் முன்கையில் அடித்தது. எலும்பு முறிந்தது.

மேனேஜர் நம் இருவரையும் கூப்பிட்டார். “புரோகிராம்ல இந்த மாத்தம் உங்க பேர்ல பதிவாயிருக்குதுங்களே, அம்மணி?”

“நான் எழுதலைங்க சார்.”

அவர் உன்னைப் பார்த்தார். “நீங்க தொட்டீங்களா?”

நீ சொல்லிவிடுவாய் என்று நம்பி உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். “இல்லைங்க சார்” என்றாய். “அதெல்லாம் அவங்கதான் பாத்துக்கறாங்க.”

அன்று மாலையே என்னை வேலையை விட்டு அனுப்பினார்கள். பஸ் ஸ்டாப்புக்கு என் பின்னாலேயே வந்தாய். “நீ கெட்டிக்காரி புள்ள, உனக்கு வேற வேல கெடச்சிரும். எனக்கு யாரு குடுப்பா?” என்றாய். மன்னிப்பு என்ற சொல்லே உன் வாயில் வரவில்லை. அதற்கப்புறம் நிறுத்தும் பொத்தானை, புரோகிராம் குறுக்கே வராமல், நேராக மோட்டாரோடே இணைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். நீ அங்கேயே இருந்தாய். எனக்கு அடுத்த வேலை கிடைக்க ஒன்றரை வருடம் ஆனது. போன இடமெல்லாம் அந்தக் கதை எனக்கு முன்னால் போயிருந்தது.

நீ இறந்த சேதி கேட்டுக் காரமடையில் உன் வீட்டுக்கு வந்தேன். ஏன் வந்தேன் என்று இன்னும் தெரியவில்லை. என் பெயரைச் சொன்னதும் உன் கணவர் எழுந்து நின்றுவிட்டார்.

“நீங்கதானுங்களா அது? உங்களப் பத்திச் சொல்லாத நாளில்லீங்க. ‘நான் பண்ணுன தப்ப அவளா முன்வந்து ஏத்துக்கிட்டா, அவ இல்லீன்னா எனக்கு வேலையே இல்ல’ன்னு சொல்லுவாளுங்க.”

அவர் கண் கலங்கிக் கைகூப்பினார். உன் தப்பை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. நீ என் தலையில் போட்டாய். அதோடு விடாமல், இத்தனை வருடமும் அதை என் நல்ல குணமாக்கி வீட்டில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாய்.

“அப்படித்தானுங்களே?” என்றார்.

“ஆமாங்க” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

உனக்காக அதைச் சொல்லவில்லை, அந்த மனுஷனுக்காகச் சொன்னேன். இப்போது உன் பொய்யில் எனக்கும் பங்கு இருக்கிறது. அதைப் பற்றி உன்னிடம் சண்டை போட வேண்டும். நீ இல்லை.