இரண்டு டிகிரி

கோபக்காரிக்கு,

உன் அக்கா வீட்டில் சௌகரியமாக இருப்பாய். இங்கே சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது.

நேற்று ஆய்வகத்தில் நம் படிகத்தை மறுபடி குளிர்வித்தேன். சும்மாதான். குளிரில் மின்தடையே இல்லாமல் போகும் மீக்கடத்திக்குள் காந்தக் கோடுகள் அணிவகுத்து நிற்கும், சூடு ஏறினால் அந்த அணிவகுப்பு உருகி மின்தடை சட்டென்று எகிறும் என்பது உனக்குத் தெரியாததா? அது எந்தச் சூட்டில் என்று கண்டுபிடித்துவிட்டதாக நான்தான் தம்பட்டம் அடித்துக்கொண்டிருந்தேன்.

"கரண்ட்டைக் குறைச்சுப் பாருங்க. நாமளே அதைச் சுட வைக்கிறோமோன்னு தோணுது" என்றாய்.

"உனக்கு அளக்கவே தெரியாது" என்றேன், கூட்ட அறையில் எட்டுப் பேர் முன்னால். அன்று மாலையே நீ பெட்டியைக் கட்டிவிட்டாய்.

நேற்று கரண்ட்டைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தேன். உருகும் சூடு இரண்டு டிகிரி மேலே போய்விட்டது. மூன்று தடவை பார்த்தேன். நம் கரண்ட்டே அதைச் சுட வைத்து முன்கூட்டியே உருக்கியிருக்கிறது.

இப்போது மணி ஒன்பதரை. பத்து மணிக்குக் கூட்டம். என் கண்டுபிடிப்புக்காக இயக்குநர் மாலையோடு காத்திருக்கிறார். அதே அறை, அதே எட்டுப் பேர். நீ சொன்னதை உன் பெயரைச் சொல்லியே சொல்லப்போகிறேன். கதவோரம் இருக்கும் உன் நாற்காலியில் யாரையும் உட்கார விடமாட்டேன்.

இப்படிக்கு,
அளக்கத் தெரியாதவன்