அறிக்கையில் விட்டுப்போன பெயர்

புதன், இரவு.

மாநிலத்து ரவுடிக் கும்பல்களைப் பற்றிய அரசு அறிக்கை இன்று வெளியானது. எங்கள் ஊர்க் கும்பல் ஒன்றும் அதில் இருக்கிறது. பெயர்களோடு பத்திரிகைக்குச் செய்தி அனுப்பிவிட்டு, வேங்கிக்கால் பக்கம் ஒரு கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கும்பலைச் சேர்ந்த சேகர் வந்து எதிரில் உட்கார்ந்தான். மிரட்டப் போகிறான் என்று நினைத்தேன்.

"சார், அதுல என் பேரு இல்லீங்களே?"

"நல்லதுதானேப்பா. போய் பாயசம் வெச்சு சாப்பிடு."

"கிண்டல் பண்ணாதீங்க சார். எல்லார் பேரும் இருக்குது, என்னுது மட்டும் இல்ல. நான்தான் போலீசுக்குத் துப்பு குடுத்தேன்னு பேசறானுங்க. பேப்பர்ல என் பேரையும் சேத்துடுங்க. இல்லன்னா என்னை வெட்டிடுவானுங்க."

அறிக்கையில் இல்லாததை எழுத முடியாது என்றேன். கும்பிட்டுவிட்டு எழுந்து போனான்.

துப்பு கொடுத்தது அவன்தானா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமா என்றும் தெரியவில்லை. அலுவலகத்துக்குப் போன் செய்து, செய்தியிலிருந்து எல்லாப் பெயர்களையும் எடுக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டார்கள். ஒருவன் பெயர் மட்டும் இல்லாதது கண்ணில் படக் கூடாது என்றேன். எடுத்துவிட்டார்கள்.

ஆனால் அறிக்கையை ஊரே போனில் படித்துக்கொண்டிருக்கிறது. நான் யாரிடமிருந்து எதை மறைத்தேன்?