வேலியோரத்துப் பட்டியல்

சேசு மரி சூசை துணை

காளவாசல், மதுரை
12-1-1981

அன்பு மகள் பிலோமினாளுக்கு அப்பா எழுதுவது. தந்தியைப் பார்த்துப் பதறியிருப்பாய், இங்கே யாருக்கும் ஒன்றுமில்லை. நானும் அம்மாவும் உன் தம்பி ஜேசுராஜ் வீட்டில் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் லண்டன் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்கும்படி மாதாவை மன்றாடுகிறேன். தம்பி பெண்டாட்டிக்கு இது ஏழாம் மாதம், டவுனில் ஊசி போட்டாயிற்று, அவளைப் பற்றிக் கவலை இல்லை. என் கவலை வேறு. இதை நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி.

உன் கடிதம் போன வாரம் வந்தது. மூன்று வருடத்துக்கு முன் நான் படியெடுத்து அனுப்பினேனே, நம் ஊர்ப் பழைய பங்குக் கோயிலின் அடக்கப் பதிவேடு, அதை வைத்துத்தான் கணக்கெல்லாம் போட்டிருக்கிறாய் என்றும், பிறந்து ஒரு மாதத்துக்குள்ளேயே சாகிற குழந்தைகள் நம் பக்கத்தில் ரொம்பக் குறைவு என்று வந்திருக்கிறது என்றும், அதை 28-ஆம் தேதி ஜெனீவாவில் பெரிய டாக்டர்கள் முன்னால் வாசிக்கப் போவதாகவும் எழுதியிருந்தாய். கர்ப்பிணிகளுக்கான ரண ஜன்னி ஊசியை, அந்த டெட்டனஸ் ஊசியை, எந்த ஊருக்கு முதலில் கொடுப்பது என்று அவர்கள் உன் அட்டவணையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்களாம், நம் பக்கம் கடைசியில் வருமாம். பெருமையாக அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள் கை நின்றுவிட்டது. "தண்ணி ஊத்தாமப் போன புள்ளைகளை நீங்க எங்கங்க எழுதுனீங்க?" என்று கேட்டாள். நான் எங்கேயும் எழுதவில்லை.

உனக்கு இது தெரிய வழியில்லை, சின்ன வயதிலேயே போர்டிங் பள்ளிக்குப் போய்விட்டாய். நம் ஊருக்குச் சாமியார் மாதம் ஒரு ஞாயிறுதான் வருவார், ஞானஸ்நானம் அதுவரை காத்திருக்கும். அதற்குள் குழந்தைக்கு முடியவில்லை என்று ஆள் வந்தால் உபதேசியார் என்ற முறையில் நான் ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றிப் பெயர் வைப்பேன். அப்படிப் போனவற்றுக்குக் கல்லறைத் தோட்டத்து வேலிக்குள் அடக்கம், பதிவேட்டில் ஒரு வரி. நான் போய்ச் சேருவதற்குள் அடங்கியவை வேலிக்கு வெளியே. அவற்றுக்குச் செபமும் இல்லை, மணியும் இல்லை, எழுத்தும் இல்லை. அடித்தல் திருத்தல் இல்லாத பதிவேடு என்று பிஷப் ஆண்டவர் பாராட்டியதில் எனக்கு இருபத்தொரு வருடப் பெருமை. நீ படியெடுக்கச் சொன்னபோதும் கையெழுத்து அழகாக இருக்க வேண்டும் என்பதிலேதான் என் கவனமெல்லாம்.

மறுநாளே பஸ் ஏறி ஊருக்குப் போய்க் குழி வெட்டுகிற முத்திருளனைப் பார்த்தேன். அவன் என்னைக் கள்ளி வேலியோரம் கூட்டிப்போய்க் கையை நீட்டி, "இந்தப் புளியமரத்துல இருந்து அந்தக் கல்லு வரைக்கும் அம்புட்டும் பச்சப் புள்ளைகதான், நான் ஒண்ணையும் மறக்கல" என்றான். மருத்துவச்சி சின்னத்தாயைத் துணைக்கு வைத்துக்கொண்டு நாலு நாள் வீடு வீடாகப் போய்த் தாய்மாரைக் கேட்டேன். சிலர் அழுதார்கள், ஒருத்தி இப்பத்தான் கேக்கத் தோணுச்சா என்று கதவைச் சாத்திவிட்டாள். பெரும்பாலும் ஏழாம் நாள் எட்டாம் நாள், வாய் கிட்டிப் பால் குடிக்க முடியாமல் இழுத்துப் போயிருக்கின்றன, அந்த ரண ஜன்னியேதான். பிறந்து ஒரு மாதத்துக்குள் போனதாகப் பதிவேட்டில் இருப்பவை பத்தொன்பது, வேலியோரம் அறுபத்து மூன்று. பட்டியல் இதோடு இருக்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது பிலோமி. நீ ஏமாற்றிவிட்டாய் என்று உன் பேராசிரியர் நினைப்பாரோ, இத்தனை வருடப் படிப்பும் பெயரும் என்னால் போய்விடுமோ என்று. பட்டியலை வேதாகமத்துக்குள் வைத்து மூடிவிட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஊரில் இப்போது பதினொரு பெண்கள் மாசமாக இருப்பதாகச் சின்னத்தாய் சொல்லியிருந்தாள். அதை நினைக்க நினைக்க அந்தப் பயம் இதைவிடப் பெரிதாகிவிட்டது. அதனால்தான் கட்டுரையை வாசிக்காதே, கடிதம் வருகிறது என்று தந்தி கொடுத்தேன். 28-க்குள் இது உன் கைக்கு வராமல் போனால், அப்பாவுக்கு வயதாகிவிட்டது என்று தந்தியைத் தள்ளிவிடாதே. யாராவது கேட்டால் தப்பு என் அப்பாவுடையது என்று என் பெயரைச் சொல்லு, நான் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

பட்டியலில் பதினேழாவது வரியில் தாய் பெயர் ஞானம் என்று இருக்கும். அது உன் அம்மாதான். 1952, உனக்கு மூன்று வயது, ஜேசுராஜ் பிறக்கவில்லை. பெண் குழந்தை, எட்டாம் நாள். அன்று நான் பக்கத்து ஊரில் யாரோ ஒருவர் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவசரத்துக்கு யாரும் ஊற்றலாம் என்று ஊருக்கெல்லாம் ஞானோபதேசம் சொன்னவன் உன் அம்மாவுக்குச் சொல்லிவைக்கவில்லை. எத்தனை பிள்ளைகள் என்று யார் கேட்டாலும் இரண்டு என்றுதான் இருவரும் சொல்லிவந்தோம். முத்திருளன் அவள் இருக்கும் இடம் வந்ததும் கை நீட்டவில்லை, மிதிக்காமல் சுற்றி நடந்தான்.

தேவ ஆசீரும் எங்கள் ஆசீரும் உனக்கு எப்போதும் உண்டு. வெளியே போகும்போது காதை மூடிக்கொள், அம்மா மூன்று தரம் எழுதச் சொன்னாள். புதுக் கணக்குப் போடும்போது பதினேழாவது வரியை விட்டுவிடாதே.

உங்கள் மூவருக்கும் அப்பா,
ராயப்பன்