அடுப்படி வகுப்பில் ரெண்டு பேர்

என்னங்க,

போன்ல பேசினா அழுதுடுவேன்னுதான் எழுதுறேன். பிழை இருந்தா திருத்திப் படிச்சுக்கோங்க.

சின்னவளை ஸ்கூல்ல சேர்க்கச் சொல்லி மூணு தடவை சொல்லிட்டீங்க. பெரியவளை வேன்ல ஏத்திவிட்ட கை இது. அன்னைக்கு அவ வீடு திரும்பலை. அதான் இவளுக்கு நானே அடுப்படியில பாடம் நடத்துறேன். உருளைக்கிழங்கை வெச்சு எண்ணிக்கை, துணி மடிக்கும்போது நிறம். பாதிப் பாடத்துலயே கிழங்கைக் கடிச்சு வெச்சுடுவா. மூணு வயசுக்கு அஞ்சாம் கிளாசு படிச்ச டீச்சர் போதும்னு நினைச்சேன்.

உங்ககிட்ட ஒண்ணை மறைச்சுட்டேன். தினமும் பாடத்துக்கு முன்னாடி பேர் கூப்பிடுவேன். பெரியவ பேரைத்தான் முதல்ல கூப்பிடுவேன். சின்னவ பேசாம இருப்பா. அவ பேர் வந்ததும் "உள்ளேன் டீச்சர்"னு கத்துவா.

இன்னைக்கு அக்கா பேரைச் சொன்னதும் என் கையைப் பிடிச்சுக்கிட்டா.

"அக்காதான் டெய்லி லீவாச்சே டீச்சர். அவளைத் திட்டாதீங்க. வேற பாப்பா யாரும் வர மாட்டாங்களா?"

அவளைத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டேங்க.

திங்கட்கிழமை சேர்த்துடுறேன். வேன் மட்டும் வேண்டாம். நானே நடத்திக் கூட்டிட்டுப் போய், ஸ்கூல் விடுற வரைக்கும் கேட்டுலயே நிப்பேன். அதுக்கு மட்டும் என்னை எதுவும் சொல்லாதீங்க.

உங்க வீட்டுக்காரி