ஈச்சங்குன்றக் கோட்டையில் யாரும் வசிக்கவில்லை என்னும் பலகை குறித்து

அனுப்புநர்:
கா. தேவேந்திரன்,
கோட்டைக்குள், ஈச்சங்குன்றம்,
புத்தலப்பட்டு மண்டலம், சித்தூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
சித்தூர்.

பொருள்: கோட்டை வாசலில் வைக்கப்பட்டுள்ள பொய்யான வரலாற்றுப் பலகையை அகற்றவும், அதைக் காட்டிப் பதின்மூன்று குடும்பங்களுக்குக் கொடுத்த நோட்டீசை ரத்து செய்யவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் தக்காளி பயிரிடுபவன். எழுதிப் பழக்கமில்லை. ஆனால் எங்கள் கோட்டையின் வரலாற்றை எழுதிய அறிஞரின் லட்சணத்தைப் பார்த்த பிறகு எனக்கும் துணிவு வந்துவிட்டது. மனு தமிழில் உள்ளது. எங்கள் ஊர் ஆசிரியர் நாகபூஷணம் செய்த தெலுங்கு மொழிபெயர்ப்பை இணைத்துள்ளேன்.

1. இது ஒரு பாளையக்காரர் கட்டிய கோட்டை. வெள்ளைக்காரர்கள் பீரங்கி வைத்து வடக்கு மதிலை உடைத்தார்கள். அதன் பிறகு பாம்புக்குப் பயந்து யாரும் உள்ளே போகவில்லை. கையளவு நிலமும் இல்லாத எங்கள் முன்னோருக்கு ஊருக்குள் இடம் தர மனம் வராத பெரிய மனிதர்கள் இந்த இடத்தைத்தான் காட்டினார்கள். நாங்கள் முள்ளை வெட்டினோம், கிணற்றைத் தூர் வாரினோம், ஐந்து தலைமுறையாகக் குடியிருக்கிறோம். பாம்பு இருந்தவரை இது எங்கள் இடம். பாம்பு போனதும் பாரம்பரியச் சின்னமாகிவிட்டது.

2. கோட்டை மேம்பாட்டுக் குழு என்று ஒன்றை அமைத்து, கடந்த மே மாதம் வாசலில் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் எழுதிய கருங்கல் பலகை நட்டார்கள். எங்கள் தவறு ஒன்றை இங்கே ஒப்புக்கொள்கிறேன். புதிதாகக் கல் நட்டால் மஞ்சள் பூசிப் பொட்டு வைப்பது எங்கள் வழக்கம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமலே மஞ்சள் பூசினோம், தேங்காய் உடைத்தோம், நானே கற்பூரம் காட்டினேன். அந்த வெட்கம் எங்களுடையது. அப்போது எடுத்த படத்தைத்தான் குழுவினர் 'ஊரார் ஒப்புதல்' என்று கோப்பில் வைத்திருக்கிறார்கள்.

3. மஞ்சளைக் கழுவிவிட்டுப் படித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. குளிர்காலத்தில் அகழி உறைந்ததாம். படைவீரர்கள் அதன்மேல் நடந்து வந்தார்களாம். எங்கள் அகழியில் சித்திரையில் ஆடு மேயும், ஐப்பசியில் எருமை படுத்திருக்கும். மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் போர் நடந்ததாம். 1647இல் கோட்டை இடிக்கப்பட்டு, "அன்று முதல் மனிதர் எவரும் இதனுள் வசிக்கவில்லை" என்று முடித்திருக்கிறார்கள். எதையோ பார்த்து எழுதி, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிய புண்ணியவான் மூன்றாம் பத்தியில் நதியின் பெயரை மாற்ற மறந்துவிட்டார். வெல்டன் நதியாம். எங்கள் ஊரில் ஓடுவது ஏரிக் கால்வாய், அதுவும் மழை பெய்தால்.

4. என் மகள் தேன்மொழி இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கிறாள். பலகையைப் படம் எடுத்து அனுப்பினேன். நதியின் பெயரை வைத்துத் தேடி, விடுமுறை நாளில் ரயிலேறி அந்த ஊருக்கே போய்விட்டாள். அங்கே ஓர் இடிந்த கோட்டை. அதன் வாசலில் இதே வரலாறு, ஆங்கிலத்தில். "நைனா, இவங்க ஊரு கதைய நம்ம வாசல்ல நட்டுட்டு, நம்மளப் போயி யாருன்னு கேட்டுக்கினு இருக்காங்க" என்றாள். அவள் எடுத்த படத்தையும் இணைத்துள்ளேன். வெளிநாட்டுப் பயணிகளை இழுக்கத்தான் பலகை என்று குழுவினர் சொன்னார்கள். அவர்கள் இவ்வளவு தூரம் வந்து தங்கள் ஊர்க் கதையையே படித்துவிட்டுப் போவார்கள் போலிருக்கிறது.

5. இதைச் சொன்னபோது குழுத் தலைவர், கோட்டை என்றால் எல்லாம் ஒன்றுதான் என்றார். இவ்வளவு படித்தவரிடம் மேலே பேச எனக்குத் தெரியவில்லை. சிரித்துவிட்டு வந்திருப்பேன். ஆனால் ஆகஸ்டு 4ஆம் தேதி குழுவின் பெயரில் நோட்டீஸ் வந்தது. பலகையில் உள்ளபடி 1647 முதல் இங்கே குடியிருப்பு எதுவும் இல்லை என்பதால், நாங்கள் அண்மையில் புகுந்த ஆக்கிரமிப்பாளர்களாம். பதினைந்து நாளில் காலி செய்யாவிட்டால் வீடுகளை இடிப்பார்களாம். என் மருமகள் கலைவாணிக்கு இது ஒன்பதாம் மாதம். அவளை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் நிற்கிறேன். எனக்கு வரும் கோபத்தை மரியாதையாக எழுத வேண்டியிருப்பதால் இத்துடன் நிறுத்துகிறேன்.

ஆகவே, தாங்கள் நேரில் வந்து எங்கள் கிணற்றையும் வீடுகளையும் பார்வையிட்டு, பலகையை அகற்றி, ஆகஸ்டு 19ஆம் தேதிக்கு முன் நோட்டீசை ரத்து செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். நோட்டீசைக் கொண்டு வந்தவர் வீடு வீடாக ஏறி, பெற்றுக்கொண்டதாகப் பதின்மூன்று பேரிடம் கையெழுத்து வாங்கிச் சென்றார். முந்நூற்று அறுபத்தொன்பது ஆண்டுகளாக யாரும் வசிக்காத இடத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் யார் என்று குழுவினரைக் கேளுங்கள். அவர்களுக்குத் தெரியாவிட்டால் தாங்கள் வந்து கேட்கலாம். நாங்கள் வீட்டில்தான் இருப்போம்.

இடம்: ஈச்சங்குன்றம்
நாள்: 11.08.2016

தங்கள் உண்மையுள்ள,
கா. தேவேந்திரன்
(பதின்மூன்று குடும்பங்களுக்காக)